மோட்டார் கொட்டகை ஓரத்துக் கரி டின்

கரி குறைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை முக்கால் டின் இருந்த கரி, அடுத்த சனிக்கிழமை திறந்து பார்த்தால் அடியில் கொஞ்சம் கிடந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கரியப் போயி எவன்டி எடுப்பான்? நீ சரியா பார்த்திருக்க மாட்ட."

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். பாகூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். அடுக்கில் ஒரு மூட்டை குறைந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கணவர் அலுத்துக்கொள்வார். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு குருவிநத்தத்தில், ஆற்றுப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது. பக்கத்து வீடு என் கணவரின் அண்ணன், என் மூத்தாருடையது. ஒரே மனையை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள். முன்பக்கம் சுவர் வைத்துக்கொண்டோம். பின்பக்கம் வைக்க முடியவில்லை. போர்வெல் பொது, மோட்டார் கொட்டகை பொது. அதைத் தாண்டி கிழக்கே அவர்களுடைய மாட்டுக்கொட்டகை. இரண்டுக்கும் நடுவில், அறுவடைக்குப் பிறகு மெஷின் உருட்டிக் கொடுத்த வைக்கோல் கட்டுகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய போர் நின்றது.

அந்தப் போர் நின்ற இடத்தில்தான் தகராறு. அளந்தபோது அது எங்கள் பங்கில் வந்தது. "மாட்ட வெச்சிக்கினு போரை எங்க கொண்டு போயி வெப்பேன்" என்று மூத்தார் எடுக்க மறுத்தார். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசப் பேச வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. மூத்தாரின் மனைவியும் நானும் மட்டும், மோட்டார் போட, கூரியர் வந்தால் வாங்கி வைக்க, ஊரில் ஏதாவது சாவு என்றால் சொல்ல, அந்த அளவுக்குப் பேசிக்கொள்வோம். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டுக்கு கிரில் வந்தது. கணவர் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கூட வேலை செய்கிறவர் வீட்டு மாடியில் கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், அடுத்த வாரமே ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்பு டிரம்மைப் பாதியாக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் பின்பக்கம் புகைதான். கடலூர் போய் சங்கரா மீன் வாங்கி வருவார். மீன் சரியில்லை என்றால் கோழி. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர், மீனைக் கீறி, மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் எலுமிச்சைச் சாறும் தடவி ஊறவைத்துவிட்டு, விசிறி மட்டையோடு குந்திக்கொள்வார். எனக்கு வாரத்தில் ஒரு வேளை அடுப்படி மிச்சம்.

வேலிகாத்தான் மரக் கரியை மூட்டையாக வாங்கி வைத்திருந்தோம். மீன் வெந்து முடிகிறபோது கரி பாதிதான் எரிந்திருக்கும். அதை வீணாக்கக் கூடாது என்பதில் கணவர் கறாராக இருந்தார். போனில் எதையெல்லாமோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். பழைய கரியைச் சாம்பல் போக உதற வேண்டும், சாம்பல் ஒட்டியிருந்தால் பற்றாது. தூளானதைச் செடிக்குப் போட்டுவிட வேண்டும். மீன் எண்ணெய் சொட்டி ஊறின துண்டைப் பொறுக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரக் கோழியில் மீன் வாடை வரும். பழசு சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீர்ந்தும் போகும், அதனால் பழசும் புதுசும் பாதிப் பாதி. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லும்போது, ஏதோ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்வது மாதிரி இருக்கும்.

சுட்டு முடித்ததும் மீதிக் கரியை இடுக்கியால் எடுத்து ஒரு பெரிய தகர டின்னில் போடுவார். கம்பெனியில் கழித்துப் போட்ட டின் அது. மேலே ஒரு பழைய இரும்புத் தட்டு, தட்டின் மேல் ஒரு செங்கல்.

"மூடிட்டா காத்து இல்லாம தானா அணைஞ்சிடும்" என்பார்.

முதலில் டின் எங்கள் சமையலறையின் வெளிச்சுவர் ஓரமாக இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் தை முடிவதற்குள் அந்த இடத்தில் கறுத்துப்போனது. கரிக்கையோடு சுவரைத் தொட்டுத் தொட்டு இப்படி ஆக்கிவிட்டீர்கள், டின்னை வேறு எங்கேயாவது வையுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கொண்டுபோய் மோட்டார் கொட்டகை ஓரத்தில் வைத்தார்.

அங்கே போன பிறகுதான் கரி மிக அதிகமாகக் குறைய ஆரம்பித்தது.

தானாக எரிந்து தீர்ந்திருந்தால் சாம்பல் இருக்க வேண்டும். டின்னுக்குள் சாம்பலும் இல்லை. யாரோ கவிழ்த்துத் தட்டிவிட்டு, கொஞ்சம் கரியை மட்டும் திரும்பப் போட்ட மாதிரி இருந்தது. செங்கல்லும் நான் பார்த்த மாதிரி இல்லை. எழுத்துப் பக்கம் மேலே பார்த்து இருந்தது, அடுத்த தடவை கீழே பார்த்தது. எங்கள் பின்பக்கத்துக்கு வெளியாள் வர வழி கிடையாது. வருகிறவர்கள் இரண்டு வீட்டு ஆட்கள்தான். மூத்தாருக்குக் கரியால் ஒரு வேலையும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. மாட்டுக்கொட்டகையில் கொசு தாங்காது. தினமும் சாயங்காலம் ஒரு சட்டியில் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை காட்டுவார். முன்பெல்லாம் தேங்காய் மட்டையை எரித்துத்தான் கங்கு எடுப்பார். இப்போது மட்டை எரிகிற புகையையே காணோம். சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது.

சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால் பார்க்கிற எதுவும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சுடும்போது அக்கா மாட்டுக்கொட்டகை மறைவில் விளக்குப் போடாமல் நிற்பார். மாட்டுக்கு ஏதோ செய்கிறார் என்று பார்த்தால் ஒன்றும் செய்ய மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு எங்கள் நெருப்பையே பார்ப்பார்.

"நாம துன்றதையே பார்த்துக்கினு நிக்கறாங்க" என்றேன் கணவரிடம்.

"கூப்ட்டுக் குடேன்."

கொடுத்தேன். நல்ல துண்டாக எடுத்து, வெங்காயம் அரிந்து வைத்து, தட்டை மூடிக் கொண்டுபோனேன். "வயிறு சரியில்லம்மா" என்றார். அடுத்த தடவை "கிருத்திகை விரதம்" என்றார். அதற்கடுத்த தடவை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அந்த மீனை அவர்கள் வீட்டுப் பூனை எருக்குழி ஓரத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் கொண்டுபோகவில்லை.

வெயில் காலம் வந்தது. அக்கா போரின் மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தேன். வைக்கோலை நனைத்தால் மக்கிப் போகும் என்று மாடு வளர்க்கிற யாருக்கும் தெரியும். போருக்குப் பக்கத்தில் பெரிய நீல டிரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் எப்போதும் தண்ணீர் நிரம்பி இருந்தது. மாடு அந்தப் பக்கம் வருவதே இல்லை. எங்கள் பங்கு இடத்தில் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து வைத்து நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஆனி மாதம் கணவர் பாண்டியிலிருந்து வேறு கரி வாங்கி வந்தார். தேங்காய் ஓட்டைச் சுட்டுப் பொடித்து அச்சில் போட்டது. ஆறு மூலை, நடுவில் ஓட்டை. அதிக நேரம் நின்று எரியும் என்றார். எங்கள் ஊரில் வேறு யார் வீட்டிலும் அப்படிக் கரி இருக்க வழியில்லை. இரண்டு வாரம் கழித்துத் துணி காயவைக்க மாடிக்குப் போனேன். அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஒரு சாக்கை விரித்து ஏதோ காயவைத்திருந்தது தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். கரி. நடுவில் ஓட்டை போட்ட, ஆறு மூலைக் கரி.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"எடுத்துக்கினு போவட்டும் விடு. கரிதானே."

"கேட்டா குடுக்க மாட்டனா? திருட்டுத்தனமா எதுக்கு எடுக்கணும்? அதுவும் எடுத்துட்டு நனைச்சி காய வெக்கறாங்க. கழுவி வெச்சா நமக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனப்பு."

"இத்தப் போயி கேட்டின்னா, கரிக்கு சண்டைக்கு வந்தான்னு ஊரு பூரா எங்கண்ணன் சொல்லுவான்."

அது உண்மைதான். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நேரில் பிடிக்க வேண்டும், கையில் கரியோடு பிடிக்க வேண்டும் என்று இருந்தது.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை எங்கள் முதலாளி வீட்டில் காதுகுத்து என்று கடைக்கு லீவு விட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் கோழி சுட்டிருந்தோம். கணவர் முதல் ஷிப்டுக்கு விடியும்போதே போய்விட்டார். நான் வீட்டில் இருக்கிற விஷயம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வண்டியை முன்பக்கம் நிறுத்தாமல் உள்ளே தள்ளி வைத்திருந்தேன். சமையலறை ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

வெயில் நன்றாக ஏறின பிறகு அக்கா வந்தார். ஒரு கையில் இரும்புச் சட்டி, இன்னொரு கையில் தண்ணீர்க் குடம். இரண்டு பக்கமும் பார்த்தார். நேராக டின்னிடம் போய்க் குனிந்து செங்கல்லை எடுத்தார்.

நான் ஈரக் கையைத் துடைக்காமலே வெளியே போனேன்.

"இன்னாக்கா எடுக்கறீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றியது. செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"இன்னிக்கி வேலைக்குப் போவலியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கிட்ட வா. டின்னத் தொட்டுப் பாரு."

"எதுக்கு?"

"தொடு. புறங்கையால தொடு, உள்ளங்கைய வெக்காத."

தொட்டேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். நேற்றுச் சாயங்காலம் மூடிய டின். ஒரு ராத்திரி முழுக்கக் கழிந்திருக்கிறது. தோசைக்கல் மாதிரி சுட்டது.

அக்கா ஒரு குச்சியால் தட்டைத் தள்ளினார். மேலே பார்த்தால் எல்லாம் கறுப்பும் சாம்பலுமாகச் செத்துக் கிடந்தது. குச்சியை உள்ளே விட்டுக் கிளறினார். அடியில் செக்கச்செவேலென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மேல்காற்று ஒரு வீச்சு வீசியது. கங்கு இன்னும் சிவந்தது. ஒரு பொறி எழும்பி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பறந்து, சிமெண்ட் தரையில் விழுந்து அணைந்தது. அது பறந்த திசையில் போர் நின்றது. நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்த்தோம்.

"வாராவாரம் இப்படித்தானா?"

"காத்து இல்லாத வாரம் கம்முனு எரிஞ்சி சாம்பலாப் பூடும். காத்து அடிச்சா இப்படி." அக்கா டின்னைத் துணியால் பிடித்துச் சட்டியில் கவிழ்த்தார். குடத்துத் தண்ணீரை ஊற்றினார். சர்ரென்று சத்தம் எழுந்து, ஈரச் சாம்பல் வாடை மூக்கில் ஏறியது. "சாம்பல எருக்குழியில கொட்டிடுவேன். அணைஞ்சதுல காஞ்சது இருந்தா உங்க டின்னுலயே போட்டுடுவேன். ஈரமானத நான் காய வெச்சி மாட்டுக்குப் புகை போட எடுத்துக்குவேன். ஈரத்த திரும்பிப் போட்டா கண்டுபுடிச்சிடுவீங்க இல்ல."

"எப்பலேர்ந்து?"

"தை கடைசிலேர்ந்து. வெக்கல் உருவ வந்தேன், டின்னு பக்கத்துல காலு சுட்டுச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அக்கா கரியைக் குச்சியால் கிளறினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னான்னு சொல்றது? பங்கு பேசின அன்னிக்கி உன் வூட்டுக்காரு இன்னா சொன்னாரு? 'இந்தப் போரு எத்தினி நாளைக்கு இங்க நிக்குதுன்னு நானும் பார்க்கறேன்'னாரு. அம்மாம் பேரு இருந்தாங்க. அப்பறம் பார்த்தா, உங்க சமையல்கட்டு ஓரமா இருந்த டின்னு இங்க வந்து ஒக்காருது. உள்ள நெருப்பு. நான் இன்னா நெனைக்கறது?"

"நான்தான் செவுரு கருப்பாவுது, எடுத்து வெய்யுங்கன்னு சொன்னேன்."

"எங்க வெக்கச் சொன்ன?"

"எங்கயாவதுன்னு சொன்னேன்."

"எங்கயாவதுன்னா, இங்கயா?"



"அதனாலதான் மீனையும் துன்னலியா?"

"கொளுத்தப் போறவங்க வூட்டு மீனு தொண்டையில எறங்குமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல்வலியைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காலி டின்னோடு நான் நின்றேன். திருட்டைப் பிடிக்க வந்தவளுக்குத் திருட்டு இல்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூடின டின்னுக்குள் காற்று எப்படிப் போனது என்ற கேள்வி வந்தது. சூடு ஆறினதும் டின்னைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். அடியில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. துரு தின்ற ஓட்டை கோணல்மாணலாக இருக்கும். இவை வட்டமாக, ஓரத்தைச் சுற்றி வரிசையாக இருந்தன. தகரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. யாரோ வெளியிலிருந்து ஆணி அடித்துப் போட்ட ஓட்டைகள்.

வீட்டில் ஆணியும் சுத்தியும் எடுக்கிறவர் ஒருவர்தான்.

அன்று முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. என் கணவர் கம்பெனியில் தீ விபத்துப் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறார். சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, நெருப்பு எதனால் எரிகிறது, எதனால் அணைகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். வீட்டில் காஸ் டியூபைக்கூட அவர்தான் வளைத்துப் பார்த்து மாற்றுவார். அப்படிப்பட்டவருக்கு அடியில் ஓட்டை போட்ட டின்னில் கங்கு அணையாது என்று தெரியாதா? கொஞ்சம் வைக்கோல் தூசை எடுத்து டின் இருந்த இடத்தில் நின்று உதறிப் பார்த்தேன். காற்று அதை நேராகப் போரின் மேல் கொண்டுபோய் ஒட்டியது. மாடியில் நின்று அந்த ஆறு மூலைக் கரியைப் பார்த்தபோது அவர் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றார்? கேட்க வேண்டாம் என்று ஏன் தடுத்தார்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரை அன்று நான் வேறு ஆளாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று செய்யவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்தார். டின்னைச் சமையலறையில் நடுத்தரையில் வைத்திருந்தேன்.

"இத்த எதுக்கு உள்ள கொண்டாந்த?"

"அடியில ஓட்ட போட்டது யாரு?"

"நான்தான்." கொஞ்சமும் தயங்கவில்லை.

"எதுக்கு?"

"ஐப்பசி மழையில தண்ணி எறங்கி கரியெல்லாம் ஊறிப்போச்சி இல்ல? தண்ணி வடியட்டும்னு ஆணி அடிச்சேன். ஏன்?"

"தண்ணி போற வழியில காத்து வராதா?"

அவர் டின் பக்கம் திரும்பினார். நான் கண்ணை எடுக்கவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னேன். அக்கா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் டின்னை எடுத்து ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தார்.

"மூடியத்தான் பார்த்தேன். அடிய நெனைக்கவே இல்ல."

"கம்பெனில ஊருக்கே சொல்லித் தர்றீங்க."

"இன்னா கேக்கற நீ? நேரா கேளு."

"போரு கிட்ட ஏன் கொண்டு போயி வெச்சீங்க?"

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. பிறகு எழுந்து பின்பக்கம் போனார். "இங்க வா" என்றார். சமையலறை வெளிச்சுவரில், டின் முதலில் இருந்த இடத்தைக் காட்டினார். நான் கரிக்கை என்று சத்தம் போட்ட கறுப்பு அப்படியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை. டின் உயரத்துக்கு, டின் அகலத்துக்கு, சுண்ணாம்பு வெந்து பொரிந்து பழுப்பேறியிருந்தது.

"அப்பவே ஓட்ட இருந்துச்சி. இங்கயும் ராத்திரி பூரா எரிஞ்சிதான் இருக்குது" என்றார்.

சுவரின் அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். காஸ் சிலிண்டர். அதற்கு மேல் வைத்த ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அவர் அப்படியே சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் போரைக் கொளுத்த நினைக்கிறவர் முதலில் சொந்தச் சிலிண்டர் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டார். அந்த அளவுக்கு எனக்குத் தெளிந்தது. ஆனாலும், சுவர் வெந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் இடத்தை மாற்றினாரோ என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

பால் கறக்கிற நேரத்தில் அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். சண்டை வந்தால் இழுத்துக்கொண்டு வர வேண்டுமே. அக்கா மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூத்தார் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அண்ணி, நான் போரைக் கொளுத்துவேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன் தம்பி."

அவ்வளவு நேரான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீயும் நெனச்சியாண்ணா?"

"அவ சொன்னா. நான் நம்பல" என்றார் மூத்தார். தொட்டியில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினார். "ஆனா போரு மேல தண்ணி தெளின்னு சொன்னது நான்தான்."

"அன்னிக்கி ஏதோ கோவத்துல சொன்னேன்."

"கோவத்துல சொன்னதுக்குத்தான் தம்பி பயப்படணும்" என்றார் அக்கா.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா, இல்லாதத சொல்லிட்டேன்னு சண்ட வரும். தண்ணி ஊத்துனா ஒண்ணும் வராது. அதால ஊத்திக்கினு இருந்தேன்."

என் கணவர் அங்கேயே நின்றார். மாடு வாலை வீசியது. "டின்ன எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மூத்தார் தலையை ஆட்டினார். சமாதானம் என்று ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

டின் பழைய இரும்புக்குப் போனது. கிரில்லை அவர் மாதக்கணக்கில் தொடவில்லை. மழையில் நனைந்து வலை துருவேறியது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார். அக்கா நினைத்ததைவிட நான் கேட்டதுதான் அவரை அறுத்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். நானும் பேச்சு எடுக்கவில்லை. சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோல் வந்தபோது, மூத்தார் அதை மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம், தன் பங்கு இடத்தில் அடுக்கினார். மூன்று வருஷமாக எடுக்க முடியாது என்று சொன்ன போர். ஏன் என்று அவர் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. தகராறு முடிந்து எடுத்தாரா, பயந்து எடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா சிரித்த முகமாகத்தான் பேசுகிறார். ஆனால் நீல டிரம்மும் போர் கூடவே இடம் மாறிப் போய்விட்டது.

மாசியில் ஏரி மீன் ஏலம் விட்ட சமயம், மூத்தார் கையில் இரண்டு விராலோடு பின்பக்கம் வந்து நின்றார்.

"இத்த உன் டிரம்முல சுட்டா நல்லா இருக்குமாடா?"

என் கணவர் மீன்களைக் கையில் வாங்கிக்கொண்டார். "இருக்கும்ணா" என்றார்.

வலையைத் தேய்த்துக் கழுவினோம். பழைய கரி கொஞ்சம் சாக்கில் இருந்தது. உதறிப் புதுக்கரியோடு கலந்து பற்றவைத்தார். அண்ணன் விசிறினார். விரால் தோல் வெடித்து எண்ணெய் சொட்டியது. சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். மூத்தார் போகவில்லை. நெருப்புப் பக்கத்திலேயே நின்றார். கணவர் மீதிக் கரியை இரும்புச் சட்டியில் தள்ளி, தண்ணீர் நிரம்பின வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குவளையை அவர் கையில் கொடுத்தார்.

"நீயே ஊத்துண்ணா."

மூத்தார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊற்றினார். ஆவி அடங்கும்வரை காத்திருந்து, குச்சியால் அடிவரை கிளறினார். மறுபடி ஊற்றினார். புறங்கையை வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் கை கழுவப் போனார்.

அக்காவுக்கு நான் தனியாக ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எதிரிலேயே பிட்டு வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா கீது" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. நானும் அதே மீனைத்தான் சாப்பிட்டிருந்தேன். இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். அதையும் சாப்பிட்டார்.